மடியில் குழந்தை, கையில் புத்தகம்: கைக்குழந்தைகளுக்கான நூலகக் கதைநேரம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தது முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு நூலகத்தில் கதைநேரம் நடத்துகிறோம் என்று சொன்னால், எங்கள் கொங்குப் பகுதியில் பலரும் முதலில் வியக்கிறார்கள். பிறகு கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட ஓர் ஊரின் நூலகத்தில் வாசகர் வட்டத்தின் சார்பில் இந்த நிகழ்ச்சியை நடத்தி வருகிறேன். நூலகர்களும் தாய்மார்களும் மற்ற ஊர்களின் வாசகர் வட்ட நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், அவற்றுக்கு நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேச்சே வராத குழந்தைக்குக் கதை சொல்லி என்ன பயன்?

பேசத் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, கருவில் இருக்கும்போதே, குழந்தை கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்கவே விரும்புகின்றன என்பதை 1980-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1986-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கருவுற்ற தாய்மார்கள் கடைசி ஆறு வாரங்கள் ஒரே கதைப்பகுதியை நாள்தோறும் வாய்விட்டுப் படித்தார்கள். பிறந்த குழந்தைகள், கேட்டுப் பழகிய அந்தப் பகுதியையே புதிய பகுதியைவிட விரும்பின.

தமிழ் பேசுகிறவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஆய்வு 1984-இல் வந்தது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகள், ஆறு முதல் எட்டு மாதத்தில், இந்தியில் உள்ள ‘த’, ‘ட’ ஒலிகளின் வேறுபாட்டை எளிதாக உணர்ந்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிட்டது. சுற்றியுள்ளவர்கள் பேசும் ஒலிகளுக்கு ஏற்பக் குழந்தையின் காது முதல் வயதுக்குள்ளேயே தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது என்பது இதன் பொருள். ல, ள, ழ என்று நுணுக்கமாகப் பிரியும் ஒலிகளைக் கொண்ட மொழியில் பிறந்த குழந்தை, அவற்றைத் தெளிவாகவும் நிதானமாகவும் கேட்க வேண்டிய காலம் எழுத்துப் பலகையைத் தொடுவதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது.

ஆனாலும் இதை வைத்து நூலகரின் குரல்தான் முக்கியம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வாரத்துக்கு இருபது நிமிடம் நாம் படிப்பதால் எந்தக் குழந்தையின் மொழியும் வளர்ந்துவிடாது. மடியில் வைத்திருக்கும் தாயோ அப்பாரோ (தாத்தா) அம்மிச்சியோ (பாட்டி) இங்கே கற்ற ஒரு பாட்டையும் ஒரு விளையாட்டையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அடுத்த ஆறு நாளும் தூரி (தொட்டில்) ஆட்டும்போதும் குளிக்க வைக்கும்போதும் அதைச் செய்தால்தான் வளர்ச்சி. ஆகவே இந்தக் கதைநேரம் உண்மையில் குழந்தையைத் தூக்கி வருகிறவருக்கானது. திட்டமிடும்போது எந்த ஐயம் வந்தாலும் ‘இதை அவர் வீட்டில் தனியாகச் செய்ய முடியுமா?’ என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எத்தனை மாதத்துக் குழந்தைகளை அழைக்கலாம்?

தாய் வெளியே வரத் தொடங்கிய நாளிலிருந்து அழைக்கலாம். எங்கள் பகுதியில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பெண்ணும் குழந்தையும் மாமியார் ஊருக்குப் போய்விடுவார்கள். எனவே ஒரே குழந்தை ஆண்டு முழுவதும் வரும் என்று எதிர்பார்த்துப் பாடத்திட்டம்போல நிகழ்ச்சியை அமைப்பது பயன்படாது. ஒவ்வொரு வாரமும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். முதல்முறை வருகிறவர் தாம் எதையோ தவறவிட்டதாக உணரக் கூடாது.

தவழத் தொடங்காதவர்களையும் நடக்கத் தொடங்கியவர்களையும் முடிந்தால் தனித்தனியாக அமர்த்துங்கள். நடக்கிற குழந்தையின் கால், கவிழ்ந்து படுத்திருக்கும் குழந்தையின் விரல்மீது பட அதிக நேரம் ஆகாது. கூட்டம் எட்டு அல்லது பத்து குழந்தைகளைத் தாண்டினால் இரண்டாகப் பிரிப்பது நல்லது. கருவுற்றிருப்பவர்களையும் அழையுங்கள். அங்கன்வாடிகளின் வழியே நடக்கும் சமுதாய வளைகாப்பு, அவர்களைச் சந்தித்துச் சொல்ல மிகப் பொருத்தமான இடம்.

எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நடத்துவது?

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள். ஊசி போட்ட குழந்தைக்கு அன்று மாலையும் மறுநாளும் காய்ச்சல் இருக்கலாம் என்பதால் புதனையும் வியாழனையும் தவிர்க்கிறோம். ஆனால் அதே புதன்கிழமை, சுகாதார நிலையத்தில் காத்திருக்கும் தாய்மார்களிடம் அடுத்த கதைநேரத்தைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

காலை பத்தரை மணி, குழந்தை குளித்துப் பால் குடித்து விழித்திருக்கும் நேரமாகப் பல வீடுகளில் அமைகிறது. பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிற பெற்றோருக்கு அது ஒத்துவராது. அவர்களுக்காக மாதம் இருமுறையாவது ஞாயிற்றுக்கிழமை நடத்த வேண்டும். தகப்பன்மார் குழந்தையோடு வருவது பெரும்பாலும் அந்த ஞாயிறுகளில்தான் என்பதால், அதை நான் வேறு எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

நிகழ்ச்சி இருபது நிமிடம் போதும். முடிந்ததும் உடனே விளக்கை அணைத்துவிடாமல், மேலும் அரை மணி நேரம் தாய்மார்கள் உட்கார்ந்து பேசவும், குழந்தைகள் புத்தகங்களைப் புரட்டவும் இடம் கொடுங்கள். முதல் குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே இருக்கும் இளம் தாய்க்கு அந்த அரை மணி நேரப் பேச்சு மிகப் பெரிய ஆறுதல்.

அந்த இருபது நிமிடத்தில் எதை எப்படி வரிசைப்படுத்துவது?

இதற்கான வரிசை நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரிக்கிறது: கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, நாவை அசைத்துத் தாலாட்டுக் கேட்பது தால், இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி, பிறகு முத்தம், தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி. செங்கீரையை ஐந்தாம் மாதத்துக்கும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்துக்கும் மரபு வைத்திருக்கிறது. இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்லும் வளர்ச்சிப் படிகளுக்கு இது வெகு தொலைவில் இல்லை. புலவர்கள் குழந்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி வரவேற்கும் பாட்டு. வாராவாரம் அதே பாட்டுத்தான், மெட்டை மாற்றவே கூடாது. மூன்றாம் முறை கேட்கும்போதே, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று குழந்தை எதிர்பார்ப்பதைக் கண்களில் பார்க்கலாம். அடுத்து உடம்போடு சேர்ந்த விளையாட்டு. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி ஆளுக்கொரு பங்கு கொடுத்து, பிறகு நண்டும் நரியும் ஊர்ந்து அக்குளுக்குப் போகும் விளையாட்டை நம் ஊரில் அறியாத பாட்டி இல்லை. அதில் தொடுதல் இருக்கிறது, தாளம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது; எல்லாவற்றுக்கும் மேலாக, நண்டு அக்குளை அடைவதற்கு முன் பாட்டி நிறுத்தும் அந்த ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் குழந்தை மூச்சை அடக்கி, முகத்தைப் பார்த்து, சில வேளை ஒரு சிறு குரல் கொடுக்கும். அதுதான் அதன் முறை. அதற்காகக் காத்திருந்து, குரல் வந்த பிறகு பதில் சொல்வதுதான் உரையாடலின் முதல் பாடம் என்பதைக் கூடியிருப்பவர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்கிறேன். அவசரமாகக் கூச்சம் காட்டி முடித்துவிட்டால் விளையாட்டின் சாரமே போய்விடும்.

அதன்பின் ஒரே ஒரு புத்தகம். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. எல்லோரிடமும் ஒரே புத்தகத்தின் படிகள் இருந்தால், நான் முன்னே நின்று காட்டாமல், ஒவ்வொருவரும் தம் குழந்தைக்குத் தாமே காட்டலாம். பிறந்த குழந்தையின் பார்வை இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவில்தான் தெளிவாக இருக்கும். எட்டடி தள்ளி நூலகர் பிடித்திருக்கும் படம் அதற்கு வெறும் நிழல். பிறகு தவழாத குழந்தைகளைக் கவிழ்த்துப் படுக்க வைத்து, கண்ணுக்கு எதிரே கறுப்பு வெள்ளைப் படத்தை நிறுத்தி, இரண்டு நிமிட விளையாட்டு. தவழத் தொடங்காத குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில், விட்டு விட்டு, நாளுக்கு அரை மணி நேரமாவது கவிழ்ந்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடைசியாக ஒரு தாலாட்டு, விடைபெறும் பாட்டு.

எந்த மாதிரிப் புத்தகங்கள் வேண்டும்? கிழித்துவிட மாட்டார்களா?

கிழிப்பார்கள், கடிப்பார்கள். அதைத் தவறாகக் கொள்ளக் கூடாது. குழந்தை பொருளை வாயால்தான் அறிகிறது. ஆகவே கெட்டி அட்டைப் புத்தகமும் துணிப் புத்தகமும் வேண்டும். அட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்த வேண்டும்.

விலைக்கு வாங்கும் அட்டைப் புத்தகங்களில் ஆப்பிளும் பனிமனிதனும் நிறைய உண்டு. கம்மங்கதிரும் அடைக்கோழியும் தேட வேண்டியிருக்கிறது. குழந்தை நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். அதோடு நாங்களே செய்த புத்தகம் ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. காங்கேயம் காளை, மஞ்சள் கிழங்கு, தேங்காய்த் தொட்டி, நூல்கண்டு, மயில், வாசலில் தண்ணீர்த் தொட்டி, சிரிக்கும் ஓர் அம்மிச்சியின் முகம் என ஏழு படங்களை எடுத்து, அட்டையில் ஒட்டி, லேமினேட் செய்து, மூலைகளை வட்டமாக வெட்டித் துணிநாடாவால் தைத்தோம். எங்கள் அலமாரியில் அதிகம் எடுக்கப்படுவது அதுதான். ஐந்து மாதக் குழந்தை மற்றப் படங்களைத் தாண்டி அந்த முகத்தில் நின்றுவிடும். மனித முகத்தைவிடக் குழந்தையைக் கட்டி நிறுத்தும் படம் வேறு இல்லை.

கையில் கொடுக்கும் விளையாட்டுப் பொருள்களில், தீப்பெட்டிக்குள் அடங்கக்கூடிய எதையும் வைக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

குழந்தையோடு வரும் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால்?

அவரைவிடச் சிறந்த கதைசொல்லி உங்களுக்குக் கிடைப்பது அரிது.

எங்கள் நூலகத்துக்கு எட்டு மாதப் பேரனோடு ஓர் அம்மிச்சி வந்தார். புத்தகத்தை நீட்டியபோது வாங்காமல், “எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுங்க அம்மிணி, நீங்களே படிங்க” என்றார். எழுத்தைப் பார்க்க வேண்டாம், படத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்றேன். சற்றுத் தயங்கி, கோழிப் படம் இருந்த பக்கத்தைத் திறந்தார். “பாரு சாமி, இது நம்மூட்டுக் கோழியாட்டமே இருக்குது. முட்டைய எங்க போட்டு வெச்சுதுன்னு தெரியுமா? வைக்கப்போருக்குள்ள!” என்று சொல்லி, கையை வைக்கோலுக்குள் நுழைப்பதுபோல அவன் அக்குளுக்குள் நுழைத்தார். அவன் சிரித்தான். அவர் நிறுத்தினார். அவன் அவர் கையைப் பிடித்துத் திரும்பவும் அக்குளுக்கு இழுத்தான். அந்த ஒரு பக்கத்தில் ஆறு நிமிடம் ஓடியது. அடுத்த பக்கத்துக்கு அவர்கள் போகவே இல்லை.

அச்சிட்ட வரியை அப்படியே படிப்பதைவிட, படத்தைத் தன் வாழ்க்கையோடு இணைத்துப் பேசுவதும், குழந்தையின் பதிலுக்குக் காத்திருப்பதும்தான் மொழியை வளர்க்கின்றன என்பதைப் பயிற்சி வகுப்புகளில் விளக்க நெடுநேரம் பிடிக்கும். அந்த அம்மிச்சி அதை யாரும் சொல்லித்தராமலே செய்தார். அவரைப் போன்றவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிப் போகாதபடி, ‘படியுங்கள்’ என்ற சொல்லையே நான் இப்போது தவிர்த்து, ‘பார்த்துப் பேசுங்கள்’ என்கிறேன்.

நூல் தமிழிலா, பேச்சுத் தமிழிலா? வீட்டில் வேறு மொழி பேசினால்?

புத்தகத்தில் உள்ள வரியை உள்ளபடியே ஒருமுறை சொல்லுங்கள். பிறகு வீட்டில் பேசுகிறபடியே பேசுங்கள். கைக்குழந்தையையும் ‘வாங்க, போங்க’ என்று கொஞ்சும் வீடுகள் கொங்கு நாட்டில் நிறைய உண்டு. ‘ஏனுங்க சாமி, தூக்கம் வருதுங்களா?’ என்று கேட்கும் குரலில் இருக்கும் இழைவைத் திருத்தி எழுத்துத் தமிழாக்குவது பெரும் இழப்பு.

தெலுங்கோ கன்னடமோ மலையாளமோ பேசும் குடும்பங்களும், திருப்பூர்ப் பக்கம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்களும் கதைநேரத்துக்கு வருகின்றன. அவர்களிடம் வீட்டில் தமிழ் பேசச் சொல்லாதீர்கள். தாய்க்கு எந்த மொழி தடையின்றி வருகிறதோ அதில் பேசுவதே குழந்தைக்கு நல்லது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு குழம்பும், தாமதமாகும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அவர்கள் ஊர்த் தாலாட்டு ஒன்றை அந்த வாரத்தின் கடைசிப் பாட்டாகப் பாடச் சொல்லுங்கள். தாலாட்டின் மெட்டுக்கு எல்லாக் குழந்தைகளும் கண் சொருகுவதைப் பார்ப்பீர்கள்.

இடத்தை எப்படித் தயார் செய்வது?

தரையில் அமர்வதே சரி. ஒரு பவானி ஜமுக்காளமும் அதன்மேல் வெளுத்த பருத்தி விரிப்புகளும் போதும். விரிப்பை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். பால் கொடுக்க ஒரு மூலையில் திரையும் நாற்காலியும் வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் கதவுகளை அறைந்து சாத்தும். தவழ்கிற குழந்தையின் விரல் இடுக்கில் மாட்டாதபடி கதவுக்கு முட்டுக்கொடுக்க மறக்காதீர்கள்.

இடத்தைப் பொறுத்தவரை நான் அதிகம் வலியுறுத்துவது அமைதியை. விசைத்தறி ஓடும் ஊர்களில் நாங்கள் எல்லோரும் உரத்த குரலில் பேசிப் பழகியவர்கள். பெரியவர்களைப் போல இரைச்சலிலிருந்து பேச்சை மட்டும் பிரித்தெடுக்கக் கைக்குழந்தைக்கு முடியாது. எங்கள் முதல் கதைநேரத்தில் நான் ஒலிபெருக்கி வைத்தேன். வரவேற்புப் பாட்டின் இரண்டாம் அடியிலேயே மூன்று குழந்தைகள் வீறிட்டு அழுதன, ஒரு தாய் வெளியேறியவர் திரும்பி வரவே இல்லை. அந்தத் தாயை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து ஒலிபெருக்கி இல்லை, மின்விசிறியைக்கூடக் குறைத்து வைக்கிறோம். தறிக் குடோனை ஒட்டிய வீட்டில் வளரும் குழந்தைக்கு, வாரத்தில் ஒருமுறையாவது தன் தாயின் மெல்லிய குரலைத் தெளிவாகக் கேட்கும் இடமாக நூலகம் இருக்கட்டும்.

குழந்தை அழுதால், நடுவில் தவழ்ந்து போனால்?

போகட்டும். தவழ்ந்து போகிற குழந்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அழுதால் தாய் எழுந்து உலாவலாம், வெளியே போய் வரலாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

டிவியிலோ செல்போனிலோ பாட்டுப் போட்டுக் காட்டலாமா?

வேண்டாம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் அமர்ந்து பன்னிரண்டு அமர்வுகளில் புத்தகம் படித்து விளையாட்டுக் காட்டினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தக் கற்றுக்கொண்டார்கள். அதே பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரை அறவே கூடாது என்றும், இரண்டு வயதில்கூட ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியிருக்கிறது. சோறூட்டச் செல்போனைக் காட்டும் தாயைக் கூட்டத்தில் வைத்துக் கண்டிக்காதீர்கள். சோறூட்டும்போது பாட ஒரு பாட்டைக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.

ஒரு குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று தோன்றினால் சொல்லலாமா?

சொல்ல வேண்டும், ஆனால் தனியாக, மெதுவாக, நோயின் பெயர் எதையும் உச்சரிக்காமல். ஆறு மாதமாகியும் ஒலி வரும் திசையைப் பார்க்காத, ஒன்பது மாதத்திலும் ‘பாபா, தாதா’ என்று மழலை உதிர்க்காத, முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தையைப் பரிசோதிக்கச் சொல்வது நம் கடமை. ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். காது கேளாமையைச் சில மாதங்கள் முன்னதாகக் கண்டறிவது அந்தக் குழந்தையின் மொழி வாழ்க்கையையே மாற்றும். தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனை இலவசம். வழி தெரியாவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கேட்டால் அழைத்துச் செல்வார்கள். அடுத்த வாரம் அந்தத் தாய் கதைநேரத்துக்குத் தயங்காமல் வரும்படி நடந்துகொள்வதும் நம் பொறுப்பு.

இதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

பெரிய செலவு இல்லை. ஜமுக்காளமும் பத்துப் பதினைந்து அட்டைப் புத்தகங்களும் வாசகர் வட்டத்தாலும் நூலகப் புரவலர்களாலும் வாங்கிவிட முடிகிற அளவுதான். குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு ஒரு புத்தகம் கொடுங்கள் என்று கேட்டால், இதுவரை எங்களிடம் மறுத்தவர் இல்லை.

பயன் கிடைக்கிறதா என்பதை எப்படி அறிவது?

எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை நூலகம் கேட்கும். எழுதித்தான் ஆக வேண்டும். நான் அதோடு இன்னொரு நோட்டும் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை, வருகிற ஒவ்வொருவரிடமும் ‘போன வாரப் பாட்டை வீட்டில் எப்போது பாடினீர்கள்?’ என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்வேன். முதல் இரண்டு மாதம் ‘நேரமே கிடைக்கலீங்க’ என்பதே அதிகம். அப்படி வந்தால் பாட்டு நீளம் என்று பொருள். அடுத்த வாரம் நான்கடிப் பாட்டை இரண்டடியாக்குவேன். சென்ற மாதப் பக்கத்தில் இரவுத் தறி ஓட்டும் ஒரு தகப்பனார் சொன்னது இருக்கிறது: “விடிகாலை வந்து கை கழுவறப்போ பாப்பா முழிச்சிருக்குதுங்க. அந்நேரம் பருப்புக் கடையறது. நான் நிறுத்துனா அதுவா இன்னொரு கையையும் நீட்டுதுங்க.”